ஒன்பதாம் தடம்

டுலூத்தில் பவுலிங் கூடத்தை இடித்தபோது
தரையை அறுத்துத் துண்டுபோட்டு விற்றார்கள்.
நாற்பது டாலருக்கு ஒன்பதாம் தடத்தில் நான்கடி.
நான் ஓட்டும் ஸ்கூல் பஸ்ஸின் கடைசி இருக்கையில்
படுக்கவைத்து, பெல்ட்டும் போட்டுக் கொண்டுவந்தேன்.

மேப்பிள் மரம். பிணக் கனம்.
மேலே பதித்திருந்த கறுப்பு அம்புக்குறி
இல்லாத கட்டைகளை இன்னமும் காட்டிக்கொண்டிருந்தது.

ஒரே பலகை என்றுதான் நினைத்திருந்தேன்.
இல்லை,
விரலகலச் சட்டங்களைப் பக்கவாட்டில் ஆணியடித்துக் கோத்தது
என்பதைக் குடையும் மெஷினின் அலகு
பட்டென்று உடைந்து சொன்னது.
துண்டு காதோரம் பறந்து
ஆணியில் தொங்கிய பனிக்கோட்டில் குத்தி நின்றது.

அப்புறம் ஒரு காந்தத்தை நூலில் கட்டி
மரத்தின் மேல் மெல்ல நகர்த்தினேன்.
நூல் சாய்ந்த இடத்தில் சாக்பீஸ் புள்ளி.
மொத்தம் பதினேழு.
எந்த ஆணி எங்கே வழிவிட்டதோ
அதுதான் கிட்டாரின் வடிவம்.
இடுப்பு ஏன் இப்படிக் கோணியிருக்கிறது என்பவர்களுக்கு
ஸ்டைல் என்று பதில் வைத்திருக்கிறேன்.

பிக்கப்பையும் நானே சுற்றினேன்.
தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, எட்டாயிரம் சுற்று.
தங்கை வெர்னாவின் தையல் மெஷினிலிருந்து மோட்டார்
(அவளுக்கு இன்னும் தெரியாது).
ஒரு சுற்று முடிந்தால் ஒன்று கூட்டும்படி
பழைய கால்குலேட்டர் ஒன்றின் வயிற்றைத் திறந்து
ஒயர் கொடுத்திருந்தேன்.

வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
விரலிடுக்கில் கம்பி ஓடுவது
தெரியவில்லை, தெரிகிற மாதிரி இருந்தது.
ஆறாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டில்
கதவு தட்டப்பட்டது.
திரும்பினேன். அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு ஆரின்.
தாதுக்கப்பலில் வேலை. ஏரி உறைந்ததால் மூன்று மாதம் சும்மா.
பனி தள்ளும் மெஷினைக் கடன் கேட்க வந்தவர்
என் முகத்தைப் பார்த்துவிட்டுக்
கையிலிருந்த டார்ச்சை அடித்தார்.
இருவரும் மண்டியிட்டு அறுந்த நுனியைத் தேடினோம்.
அரைமணி நேரம்.
அது அவர் தாடியில் இருந்தது.

முதலிலிருந்து சுற்றினேன்.
கால்குலேட்டரை நம்பாமல்
ஆரின் வாய்விட்டு எண்ணினார்.
நாலாயிரத்துக்கு மேல் எண்களுக்கு
ஒரு மெட்டு வந்துவிட்டது.
பனி தள்ளும் மெஷினை இருவருமே மறந்துபோனோம்.

ஈயம் உருகிய வாசனை. ஆறு தந்திகள். ஆம்பை முடுக்கினேன்.
ம்ம்ம்ம்ம்ம்.
கிட்டார் இல்லை, டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தைக் கட்டிப்பிடித்த சத்தம்.
மூடியைக் கழற்றினேன்.
செம்புத் தகடு சரி. எர்த் ஒயர் சரி.
ஒவ்வொரு பற்றையும் மறுபடி ஊதி இளக்கி ஒட்டினேன்.
ம்ம்ம்ம்ம்ம்.

"அதைப் பிடி" என்றார் ஆரின்,
கிட்டார் மேஜையிலிருந்து நழுவியதற்காக.
பிடித்தேன்.
உள்ளங்கை தந்திகளில் பட்டது.

அப்படியொரு அமைதி
என் கராஜில் இருப்பதே எனக்குத் தெரியாது.

எடுத்தேன்: இரைச்சல்.
வைத்தேன்: ஆரின் மூச்சு விடுவது கேட்டது.

சுவர் ஒயர்களில் ஓடுவதையெல்லாம்,
டியூப்லைட்டை, ஃப்ரிட்ஜை,
வெளியே பஸ் எஞ்சினை இரவெல்லாம் சூடாக்கும் பிளக்கை,
ஏரியல் மாதிரி வாங்கி வாங்கி
கிட்டாருக்குள் ஊற்றிக்கொண்டிருந்தது
பக்கத்தில் நின்ற நான்தான்.
தொட்டால் நிற்கிறது.
தள்ளி நின்றால்தான் தொல்லை.

ஸ்வரம் பன்னிரண்டாம் கட்டையில் ஒரு மயிரிழை பிசகுகிறது.
அதை நாளைக்குப் பார்க்கலாம்.
ஆரின் எப்போதோ போய்விட்டார்,
மெஷினை எடுக்காமலே.
ஐந்தரைக்கு முதல் பிள்ளை ஏறும் நிறுத்தத்தில் இருக்கவேண்டும்.

இடது கை தந்திமேல்.
வலது கையை நீட்டுகிறேன்
ஆம்பின் ஸ்விட்சுக்கு.
இன்னும் ஒரு ஜாண்.
காலால் முயல்கிறேன்.